ஜெயித்த மலை வந்து உட்காரும் ஊர்

கள்ளிப்பேட்டுக்கு முதல் மலை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற குணசுந்தரி, அடுப்புப் பற்றவைக்கப் போகிற வழியில், முந்தின நாள் சாயங்காலம்வரை கோதண்டத்தின் கேழ்வரகுக் கொல்லை இருந்த இடத்தில் அது உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். நம்ம பக்கத்துக் கரடு மாதிரி இல்லை. தலையில் பனி, நெஞ்சில் கரும்பாறை, இடுப்பைச் சுற்றி முள்கம்பிச் சுருள், உச்சியில் ஒரு பக்கமாகச் சாய்ந்த ஒற்றை மரம் என்று, வடக்கே எல்லையில், சண்டை நடக்கிற இடத்தில் இருக்க வேண்டிய மலை. குணசுந்தரி நின்று பார்த்தாள், குளிர் அடித்ததால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள், பிறகு கோதண்டத்தின் வீட்டு வாசலுக்குப் போய், "பெரியப்பா, உங்க கொல்லைல யாரோ மலைய வெச்சிட்டுப் போயிட்டாங்க" என்றாள். கோதண்டம் வேப்பங்குச்சியை மென்றபடியே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "கேவுரு இன்னும் அறுக்கலியேம்மா" என்றார்.

அன்றைக்கு மத்தியானமே டிவியில் அதே மலையைக் காட்டினார்கள், அங்கே எல்லையிலும் அது அப்படியே நின்றது. நம்முடைய ஆட்கள் பிடித்துவிட்டார்கள், மாபெரும் வெற்றி என்றார்கள். உச்சியில் கொடியோடு நின்ற ஐந்து பேரில் மூன்றாவது ஆள் கோதண்டத்தின் மகன் யுவராஜ். கோதண்டத்தின் வீட்டுக்காரி மகன் உயிரோடு இருப்பதைப் பார்த்து ஓவென்று அழுதாள், அப்புறம் ஜன்னல் வழியே கொல்லை இருந்த திசையைப் பார்த்து அதே மூச்சில் இன்னொரு அழுகை அழுதாள். எது எந்த அழுகை என்று பிரித்துச் சொல்ல அங்கே யாராலும் முடியவில்லை, அவளாலும் முடியவில்லை.

கள்ளிப்பேடு பட்டாளத்து ஊர். வீட்டுக்கு ஒரு ஆளாவது உடுப்பு மாட்டியவன். ஒருத்தன் ரயிலேறப் போகிறான் என்றால், வீட்டுப் பொம்பளை தன் கொல்லையிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, அவன் பெட்டியில் அடியில் வைத்துவிடுவாள். அவன் எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் அந்த முடிச்சைத் திருப்பிக் கொண்டுவந்து அதே கொல்லையில் கொட்ட வேண்டும், அதுதான் வழக்கம். யுவராஜ் என்ன செய்தான் என்றால், உச்சியில் உயிரோடு நின்ற சந்தோஷத்தில் தலைகால் புரியாமல், முடிச்சை அவிழ்த்து மண்ணை மலைமேலேயே தூவிவிட்டான், டிவியில் அதுவும் தெரிந்தது. மண் தன் கொல்லைக்குத் திரும்பித்தானே ஆக வேண்டும்? திரும்பியது. வரும்போது மலையையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. இதில் ஆராய்வதற்கு மேற்கொண்டு ஒன்றுமில்லை என்று ஊர் அன்றைக்கே முடிவுகட்டிவிட்டு, மலையை என்ன செய்வது என்கிற வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

ஒரு மலை இருந்தால் இருக்கிற வேலை கொஞ்சநஞ்சமா? ஆடுகள் மேலே ஏறிப் போய்க் குளிரில் மயிர் புசுபுசுவென்று வளர்ந்து இறங்கின, சொந்தக்காரனுக்கே அடையாளம் தெரியவில்லை. மலைக்குப் பக்கத்து வீடுகளில் இட்லி மாவு மூன்று நாளானாலும் புளிக்க மறுத்தது. சாயங்கால பஸ் சுற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகுட்டியோடு பனி பார்க்க வந்து, முள்கம்பியில் சேலை கிழிந்து, கோதண்டத்தைத் திட்டிவிட்டுப் போனார்கள். கிராம நிர்வாக அதிகாரி பயிர்க்கணக்கு எழுதுகிற அடங்கலைத் திறந்து வைத்துக்கொண்டு, பயிர் என்கிற இடத்தில் என்ன எழுதுவது என்று ரொம்ப நேரம் யோசித்து, கடைசியில் "பனி" என்று எழுதினார். ஊராட்சித் தலைவர் கஜபதி கோதண்டத்துக்கு மாலை போட்டார். "ஜெயிச்சிட்டீங்களே!" என்று வருகிறவர்கள் எல்லாம் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "ஆமாங்க, ஜெயிச்சிட்டோம்" என்று கோதண்டமும் சொன்னார். "எங்க வெதைக்கறதுன்னுதான் தெரியல."

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த மலையைப் பிடித்த பிறகுதான் தெரிந்தது, அதற்குப் பின்னால் இன்னும் உசரமாக ஒரு மலை இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் இது பட்டவர்த்தனமாகத் தெரிகிறது, ஆகவே இதைக் காப்பாற்ற வேண்டுமானால் அதைப் பிடித்தாக வேண்டும் என்று. அதையும் பிடித்தார்கள். அதற்குள் முதல் மலையை எதிரி திரும்பப் பிடித்துக்கொண்டான். நாம் மறுபடி ஜெயித்தோம். மறுபடி போயிற்று, மறுபடி ஜெயித்தோம். ஒவ்வொரு ஜெயத்துக்கும் கள்ளிப்பேட்டுப் பையன் ஒருவன் உச்சியில் நின்று முடிச்சை அவிழ்த்தான். ஏன் அவிழ்க்கிறாய் என்று கேட்கவும் முடியாது. சண்டை நடக்கும்போது மாசக்கணக்கில் போன் கிடையாது, கடுதாசி கிடையாது. மலை வந்து உட்கார்ந்தால் மட்டும்தான் வீட்டுக்குத் தெரியும், ஆள் இருக்கிறான் என்று. ஆகவே பொம்பளைகள் விளக்கேற்றி மலையைக் கேட்டார்கள், ஆம்பளைகள் கொல்லை போகிறதே என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், சில வீடுகளில் இது தலைகீழாகவும் இருந்தது. ஆறு வருஷத்தில் பதினான்கு மலை. அதில் ஒரே மலை மூன்று தடவை வந்து மூன்று பேர் நிலத்தில் உட்கார்ந்திருந்தது, மூன்று உச்சியிலும் அதே சாய்ந்த மரம். எதிரி திரும்பப் பிடித்தாலும் இங்கே வந்தது வந்ததுதான், திரும்பிப் போகிற மலையை யாரும் பார்க்கவில்லை. மலை வராத வீடுகளும் இருந்தன. அங்கே கொடி போர்த்திய பெட்டி வந்தது. அந்த வீடுகளின் கொல்லையில் மட்டும் வேர்க்கடலை வழக்கம்போல விளைந்தது. அதைப் பிடுங்கக்கூட அந்த வீட்டார் இறங்கவில்லை.

ஒரு நாள் கோதண்டம், இருபத்தெட்டு வருஷம் சர்வீஸ் போட்டுவிட்டு வந்த சுபேதார் முனிரத்தினத்தை டீக்கடையில் மடக்கினார். "சுபேதார் அய்யா, நீங்க வெவரம் தெரிஞ்சவரு. முழுசா ஜெயிக்கறதுன்னா அது எப்படித்தான் இருக்கும்?"

முனிரத்தினம் டீயை ஆற்றினார், மீசையைத் தடவினார், பதினான்கு மலையையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "எல்லாரும் பத்தரமா வூட்டுக்கு வந்து சேந்துட்டா ஜெயிச்சதா அர்த்தம்" என்றார்.

"அதுக்கு அங்க போவாமலே இருந்திருக்கலாமே?"

"யோவ், அது வேற."

"சரி, அப்ப தோத்துட்டாலும் வூட்டுக்குத்தானே வருவாங்க?"

முனிரத்தினத்துக்குக் கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்று தெரியாத கோபம். டீ கிளாசை டொக்கென்று வைத்துவிட்டு எழுந்து போனவர் ரெண்டு நாள் கடைப்பக்கம் வரவில்லை.

இத்தனைக்கும் நடுவில் குணசுந்தரி ஒரு விஷயத்தை நெஞ்சுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, தினம் இருநூறு பிள்ளைகளுக்குச் சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரன் பரந்தாமனும் அங்கேதான் இருந்தான். ஏழு வருஷமாகப் பின்வரிசையில், சாமான் தூக்குகிற பட்டாளத்தில். பின்வரிசை என்பதால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவான், உச்சிக்கு ஏறுகிற வேலை வரவில்லை, முடிச்சும் அவிழவில்லை. ஆனால் அந்த முடிச்சில் என்ன மண் இருக்கிறது என்று குணசுந்தரிக்கு மட்டும்தான் தெரியும். அவர்களுக்குக் கொல்லை ஏது? புறம்போக்கில் ஒரு ஓட்டு வீடு, அவ்வளவுதான். அவன் கிளம்பின அன்றைக்கு எல்லார் வீட்டிலும் போல நாமும் முடிந்து தர வேண்டுமே என்று, வறண்டு வெடித்துக் கிடந்த ஏரிக்குள் இறங்கி, நட்ட நடுவில் ஒரு பிடி அள்ளினாள். ஊருக்குச் சொந்தமான ஏரியில் நமக்கு ஒரு பிடி பங்கு கூடவா இல்லை என்கிற நினைப்பு. அப்போது மலை வரும் என்று யார் கண்டார்கள்? இப்போது ஏரியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. மலைகளுக்கு நடுவே மிச்சம் இருந்த கொல்லைகளெல்லாம் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருந்தன.

அந்த வருஷம் ஆள் போதவில்லை என்று பின்வரிசையையும் மேலே ஏற்றினார்கள். பரந்தாமன் பெயரும் வந்தது. ஊர் இப்போதெல்லாம் இதில் தேறிவிட்டது. யாருடைய ஆள் ஏறப்போகிறானோ அவர்கள் கொல்லையை ஊரே சேர்ந்து முன்கூட்டியே அறுத்துக் கொடுத்துவிடும். அந்த முறைப்படி கஜபதி நாலு பேரோடு சத்துணவுக் கூடத்து வாசலுக்கு வந்து, "குணா, உன் முடிச்சு எந்த மண்ணும்மா? சொல்லிட்டீன்னா ஆக வேண்டியதப் பாக்கலாம்" என்று கேட்டார்.

குணசுந்தரி சாம்பார் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏரி மண்ணுங்க" என்றாள்.

கஜபதி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், ரெண்டாவது தடவையும் துடைத்தார். "அடிப்பாவி மகளே" என்றார், அதில் திட்டு கொஞ்சம்தான் இருந்தது, மிச்சமெல்லாம் பயம்.

ஞாயிற்றுக்கிழமை பரந்தாமன் போன் பண்ணுகிற நேரத்துக்கு ஊரே பள்ளிக்கூடத்து மரத்தடியில் கூடிவிட்டது. குணசுந்தரி போனை ஸ்பீக்கரில் போட்டு, மேஜைமேல் வைத்து, பக்கத்தில் நின்றாள். அந்தப் பக்கம் காற்று உய்யென்று அடித்தது.

"ஏங்க, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் குணா. நாளைக்கி மறுநாள் ஏர்றோம். அப்பறம் போன் இருக்காது."

"நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. மேல போனா அந்த முடிச்ச அவுக்காதீங்க. அது ஏரி மண்ணு. மலை வந்து ஏரில உக்காந்துச்சுன்னா ஊரு அம்போன்னு போயிடும்."

"அங்க யாரெல்லாம் இருக்காங்க?" என்றான் பரந்தாமன்.

"எல்லாரும்தான்."

"அப்ப ஊரே நாங்க தோத்துடணும்னு நிக்குதா?"

கஜபதி பதறிப்போய் போனுக்குள் வாயை வைத்தார். "அய்யய்யோ, அப்படிச் சொல்லாத தம்பி! நீங்க ஜெயிங்க, நல்லா ஜெயிங்க, எங்களுக்குப் பெருமதான். அது இங்க வரவேணாம், அவ்ளோதான்."

"சரிங்க தலைவரே" என்றான் பரந்தாமன். ஊர் மூச்சுவிட்டது.

குணசுந்தரி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு சமையல்கூடத்துக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த மறைவுக்குப் போனாள்.

"குணா, அவுக்கலன்னா ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றான் அவன், அவள் நினைத்துக்கொண்டிருந்ததையே.

அவள் விறகில் தலையைச் சாய்த்து அழுதாள். ஊருக்காக அழுகிறாளா, தனக்காக அழுகிறாளா, இந்த மண்ணை அள்ளின தன் கையை நொந்து அழுகிறாளா, அவளுக்கே விளங்கவில்லை. அப்புறம் சமைக்கிறவளுக்குத் தோன்றுகிற யோசனை ஒன்று தோன்றியது. "ஒரு சிட்டிகை போடுங்க" என்றாள். "முழுசா வேணாம். உப்புப் போடற மாதிரி ஒரே சிட்டிகை. மிச்சத்த முடிஞ்சிடுங்க."

பரந்தாமன் சிரித்தான். அந்தச் சிரிப்பின் பாதியிலேயே லைன் போய்விட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் டிவியில் வெற்றி வந்தது. இதுவரை இல்லாத வெற்றி, இனி எதிரி தலைதூக்க முடியாது என்றார்கள். போன தடவையும் அதைத்தான் சொன்னார்கள். கள்ளிப்பேடு டிவியை ஓடவிட்டபடியே ஏரிக்கரைக்கு ஓடியது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். நாரை வந்தது, மீன் துள்ளியது. மலை மட்டும் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. சனிக்கிழமை, இனி வராது என்று தெரிந்ததும் கஜபதி ஆயிரம் வாலா கொளுத்தினார், சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள், குணசுந்தரியை நடுவில் நிறுத்தி, ஊரைக் காப்பாற்றின மகராசி என்று மாலை போட்டார்கள். ஜெயித்ததற்குப் பட்டாசா, ஜெயித்தது வந்து சேராததற்குப் பட்டாசா என்று சுபேதார் முனிரத்தினம் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். அவரும் யோசித்துவிட்டு, பொங்கல் ஆறிவிடும் சாப்பிடுங்கள் என்றார். மாலையைப் போட்டுக்கொண்டு நின்ற குணசுந்தரி மட்டும் ஏரித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சிட்டிகை மலை வந்ததா, வரவில்லையா? வந்திருந்தால் எத்தனை பெரிசு இருக்கும்? வரவில்லையென்றால், அவன் ஊர் பேச்சைக் கேட்டு முடிச்சைத் தொடாமல் விட்டானா, இல்லை முடிச்சைத் தொட அவனே இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை.

திங்கட்கிழமை பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த கையோடு, அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினாள். மண் அள்ளின இடம் இப்போது மார்பளவுத் தண்ணீருக்கு அடியில் இருந்தது. பாதத்தால் துழாவித் துழாவி நடந்தாள். சேறு, நத்தை, யாரோ தொலைத்த செம்பு, மறுபடி சேறு. கரையில் போனவர்கள் நத்தை பொறுக்குகிறாள் என்று நினைத்து, "எங்களுக்கும் ரெண்டு கெடச்சா குடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். செவ்வாய்க்கிழமையும் துழாவினாள். விரலெல்லாம் ஊறி வெளுத்துவிட்டது. பெட்டி வந்தால் ரோட்டு வழியாக வரும் என்று அடிக்கடி ரோட்டையும் பார்த்துக்கொண்டாள், ஒரு வண்டிச் சத்தம் கேட்டாலும் துழாவுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

புதன்கிழமை மத்தியானம், வலது காலின் கட்டைவிரலில் சுரீரென்று ஏதோ தைத்தது. முள் இல்லை, குளிர். குணசுந்தரி மூச்சைப் பிடித்து முங்கி, கையில் அகப்பட்டதை அள்ளிக்கொண்டு எழுந்தாள். எலுமிச்சம்பழம் அளவில் ஒரு மலை. தலையில் பனி, நெஞ்சில் கரும்பாறை, இடுப்பில் நூலாக முள்கம்பி, உச்சியில் கடுகுச்செடித் தளிர்போல ஒரு பக்கம் சாய்ந்த மரம். உள்ளங்கை குளிரில் விறைத்தது, அவள் கீழே வைக்கவில்லை. "போட்டுட்டாருடி யம்மா, போட்டுட்டாரு!" என்று ஏரி நடுவில் நின்றபடியே கத்தினாள், சிரித்தாள், தண்ணீரை வாரி வாரித் தன் தலைமேலேயே அடித்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டுக் கஜபதி ஓடி வந்தார், கோதண்டம் வந்தார், பொம்பளைகள் வந்தார்கள். அவள் கரையேறி நடந்ததைச் சொல்லி, கையைத் திறந்து காட்டினாள். கஜபதிக்குக் கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் முகம் ரெண்டு பக்கமும் போயிற்று. "ஊருக்கு முன்னால ஒரு பேச்சு, பின்னால ஒரு பேச்சா?" என்றார். உடனே குனிந்து பார்த்து, "அந்த மரம் கூட இருக்குது பாரேன்" என்றார். இது வளருமா வளராதா, தண்ணீர் படாமல் வைப்பதா, இதற்கும் அடங்கலில் எழுத வேண்டுமா என்று ஆளுக்கொன்று பேசினார்கள். கோதண்டம் மட்டும் அதை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்து, "இந்த அளவுல ஜெயிச்சிருந்தா போதுமே, என் கொல்ல இருந்திருக்குமே" என்று சொல்லி, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

அப்போதுதான் சுபேதார் முனிரத்தினம் கரைமேல் மெதுவாக நடந்து வந்தார். வந்தவர் குணசுந்தரியின் கையையும் பார்த்தார், முகத்தையும் பார்த்தார், சொல்ல வாயெடுத்து ரெண்டு தடவை நிறுத்தினார்.

"சொல்லுங்க அய்யா" என்றாள் குணசுந்தரி.

"காலைல செய்தில சொன்னாங்கம்மா. அந்த மலைய எதிரி திரும்பப் புடிச்சிட்டானாம். நம்ம ஆளுங்க கீழ எறங்கி, அதே பட்டாளமே மறுபடி ஏறுதாம். யாரு இருக்கா, யாரு இல்லன்னு ஒண்ணும் சொல்லல."

கரையில் இருந்தவர்கள் எல்லாரும் அவள் கையில் இருந்த மலையைப் பார்த்தார்கள். பனி உருகவில்லை. அது இப்போது யாருடையது, ஜெயித்ததா தோற்றதா, அதைப் பார்த்துச் சந்தோஷப்படலாமா கூடாதா என்று ஒருத்தருக்கும் பிடிபடவில்லை. குணசுந்தரி அதை முந்தானையில் முடிந்து, இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டாள். ஈரச் சேலையை மறுபடியும் வரிந்து கட்டினாள். கரைச் சரிவில் இறங்கித் தண்ணீரில் காலை வைத்தாள்.

"ஏம்மா குணா, அதான் கெடச்சிடுச்சே" என்றார் கஜபதி. "இன்னும் இன்னாத்தத் தேடப் போற?"

"இது வியாழக்கெழம ஜெயிச்சதுங்க. அவரு முடிச்சுல இன்னும் மண்ணு இருக்குது" என்று சொல்லிவிட்டு, அவள் காலால் துழாவிக்கொண்டே ஏரியின் நடுவுக்கு நடந்தாள்.